கத்தியில் வினைஞர் குறி: ஷெஃபீல்டு மரபும் குறித்தேர்வின் நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

கையால் கத்தி செய்யும் வினைஞர் அலகின்மீது பொறிக்கும் சிறு குறி அழகுக்காக இடப்படுவது அன்று. அக்கத்தியின் தரத்திற்கு யார் பொறுப்பேற்கிறார் என்பதை அறிவிக்கும் ஒப்புதலாகவே அது தோன்றியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இக்குறி பதிவேட்டின்வழி ஒழுங்குபடுத்தப்பட்டது. பின்னர் அது வணிகச் சொத்தாக மாறியது. போலிக்குறிகளால் நலிவுற்றுச் சட்டத்தின் துணையையும் நாடியது. இவ்வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அதனடிப்படையில், இன்று கைவினைக் கத்தி செய்வோர் தமக்கென ஒரு குறியைத் தேர்ந்துகொள்ளும்போது கருதவேண்டிய வடிவம், பொறிக்கும் முறை, சட்டம், அறம் ஆகியன தொகுத்துரைக்கப்படுகின்றன. குறியின் மதிப்பு அதன் உருவத்தில் இல்லை. குறிக்கும் அதற்குப் பொறுப்பான கைக்கும் இடையிலுள்ள பிணைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வினைஞர் குறி, கத்தித் தொழில், ஷெஃபீல்டு, சோலிங்கன், வணிகக்குறி, கைவினை.

முன்னுரை

பானையைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். துணியை விரலால் தேய்த்துப் பார்த்து வாங்கலாம். கத்தியை அவ்வாறு சோதித்து வாங்குதல் எளிதன்று. நன்கு மெருகிட்டால் மட்டமான இரும்பும் எஃகைப் போலவே பளபளக்கும். அலகு முறையாகக் காய்ச்சித் தோய்க்கப்பட்டதா, வாய் சில நாளில் மழுங்குமா, அழுத்தும்போது முறியுமா என்பன பயன்படுத்திய பின்னரே தெரியவரும். விற்பவர் அறிந்த உண்மையை வாங்குபவர் அறிய இயலாத இந்நிலையே கத்தித் தொழிலில் குறியின் தேவையை உண்டாக்கியது.

ஐரோப்பிய நகரங்களில் இத்தேவை இடைக்காலத்திலேயே உணரப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் இலண்டனில் வாளும் கத்தியும் செய்வோர் தத்தம் குறியைப் பொருளில் இடவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்நகரின் கத்தி வினைஞர் கழகம் 1416ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்திருந்த அக்காலத்தில் விண்மீன், சிலுவை, விலங்கு, கருவி போன்ற உருவங்களே பெயரின் இடத்தில் நின்றன. கத்தி பழுதுபட்டால் யாரிடம் செல்வது என்பதற்கு அவ்வுருவம் விடை தந்தது. எனவே தொடக்கத்தில் குறி என்பது விளம்பரமாக அன்றிப் பிணையாகவே இருந்தது எனலாம்.

1. ஷெஃபீல்டுப் பதிவேடு

ஷெஃபீல்டு நகரின் கத்தித் தொழில் மிகப் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் இயற்றிய கேன்டர்பரிக் கதைகளில் வரும் ஆலைக்காரன் ஒருவன் ஷெஃபீல்டுக் கத்தியைத் தன் காலுறையில் செருகியிருப்பதாகக் காட்டப்படுகிறான். மலைச்சரிவிலிருந்து விரைந்து இறங்கும் ஆறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. சுற்றுப்புறத்தில் சாணைக்கு ஏற்ற மணற்கல் கிடைத்தது. இவ்விரண்டும் தொழில் அங்கு வேரூன்றத் துணைநின்றன.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, அப்பகுதிக்கு உரிமையுடைய ஷ்ரூஸ்பரி பிரபுவின் நிலவுரிமை மன்றத்தில் வினைஞர்களின் குறிகள் பதிவு செய்யப்பட்டன. பின்னர் 1624ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்வழி ‘ஹாலம்ஷயர் கத்தி வினைஞர் கழகம்’ அமைக்கப்பட்டது. இராபர்ட் சோர்ஸ்பி அதன் முதல் தலைவரானார். அச்சட்டம் விதித்தவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. வெட்டும் கருவிகளின் வாய்ப்பகுதி எஃகால் மட்டுமே அமையவேண்டும் என்பது ஒன்று. கழகம் ஒதுக்கிக் கொடுத்த குறியையன்றி வேறு குறியை வினைஞர் பொறித்தலாகாது என்பது மற்றொன்று.

இவ்விரு விதிகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை தற்செயலானது அன்று. முதல் விதி தரத்தை வரையறுக்கிறது. இரண்டாம் விதி அத்தரம் மீறப்பட்டால் மீறியவரை இனங்காண வழிசெய்கிறது. ஏழாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் பயின்று கழகத்தின் உரிமையுறுப்பினர் ஆன பின்னரே ஒருவர் தமக்குரிய குறியைப் பெறமுடிந்தது. ஆகவே குறி ஒருவர் தாமாக வரைந்துகொள்ளும் ஓவியமாக இருக்கவில்லை. பயிற்சியால் ஈட்டப்பட்டு, பதிவால் உறுதிபெற்று, விதிமீறலால் இழக்கத்தக்க உரிமையாக இருந்தது.

2. ஆளைக் கடந்த குறி

ஓர் ஆளுக்குரிய பிணையாகத் தொடங்கிய குறி, புகழ்பெற்றதும் அந்த ஆளைக் கடந்து வாழத் தொடங்கியது. இதற்கு மிகப் பழைய சான்று ‘உல்ஃப்பெர்ட்’ வாள்கள் ஆகும். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்த இவ்வாள்களின் அலகில் அப்பெயர் இரும்பால் பதிக்கப்பட்டுள்ளது. இரு நூற்றாண்டுகளாக நீடித்த பெயர் ஒரே மனிதரின் கையொப்பமாக இருத்தல் இயலாது. இவ்வாள்களை உலோகவியல் முறையில் ஆராய்ந்தபோது, சில உயர்ந்த எஃகாலும் சில மிகத் தாழ்ந்த இரும்பாலும் ஆனவை என்பது தெரியவந்தது. ஒரே பெயர், தரமோ வெவ்வேறு. பெயரின் புகழ் பெருகியபோது பெயருக்கும் பொருளுக்கும் இருந்த பிணைப்புத் தளர்ந்ததை இது காட்டுகிறது.

ஷெஃபீல்டிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. குறி காலப்போக்கில் வழிவழியாக உரிமை மாறத்தக்க, விலைக்கு வாங்கத்தக்க சொத்தாயிற்று. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்டாச் சிலுவையும் இணைந்த குறி 1764இல் வழங்கப்பட்டது. ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் நிறுவனத்தின் ‘ஐ எக்ஸ் எல்’ என்னும் குறி, ‘நான் விஞ்சுகிறேன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஓசையை மூன்று எழுத்துகளில் அடக்கியது. அக்குறி முதலில் வேறொருவருக்கு வழங்கப்பட்டுப் பின்னர் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது. அக்குறி தாங்கிய கத்திகள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையாயின.

அக்காலத்து ஷெஃபீல்டில் ஒரு கத்தி ஒருவர் கையால் முழுமை பெறுவது அரிதாயிற்று. அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர். சாணை பிடிப்பவர் மற்றொருவர். பிடி பொருத்திக் கத்தியை முடிப்பவர் வேறொருவர். பலர் வாடகைக்கு எடுத்த சிறு பட்டறைகளில் இருந்தவாறே பெரிய நிறுவனங்களுக்காக உழைத்தனர். அவர்கள் செய்த அலகில் நிறுவனத்தின் குறியே பொறிக்கப்பட்டது. சாணைக் கல்லிலிருந்து எழுந்த தூசி, சாணை பிடிப்போரின் நுரையீரலை அரித்து இளவயதிலேயே உயிரைப் பறித்தது. இந்நோயை மருத்துவர் ஆர்னால்டு நைட் 1830ஆம் ஆண்டளவில் விவரித்தார். உலகெங்கும் அறியப்பட்ட குறிகளின் பின்னால், அக்குறியில் எவ்வகையாலும் இடம்பெறாத இத்தகைய கைகள் இருந்தன. ‘செய்தவர் யார்’ என்னும் வினாவிற்கு விடையாகத் தோன்றிய குறி, ‘விற்பவர் யார்’ என்பதற்கே விடை கூறும் நிலையை அடைந்தது. வினைஞர் குறிக்கும் வணிகக்குறிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

3. போலிக்குறியும் சட்டமும்

புகழ்பெற்ற குறி எங்கிருந்ததோ அங்கெல்லாம் போலியும் தோன்றியது. ஜெர்மனியின் பாசாவ் நகர அலகுகளில் பொறிக்கப்பட்ட ஓநாய் உருவம் தரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டபோது, சோலிங்கன் நகர வினைஞர்களும் அதே ஓநாயைத் தம் அலகுகளில் பொறித்தனர். பின்னாளில் சோலிங்கனும் தனக்கெனக் குறிகளைப் பதிந்து காத்துக்கொண்டது. 1731ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் யோஹான் பீட்டர் ஹென்கெல்ஸ் அந்நகரக் கத்தி வினைஞர் குழாத்தில் இரட்டையர் உருவத்தைப் பதிவு செய்தார். மிதுன இராசியைக் குறிக்கும் அவ்வுருவம் இன்றும் வழக்கில் உள்ளது.

இங்கிலாந்தில், 1814ஆம் ஆண்டுச் சட்டம் கழக உறுப்பினர் அல்லாதோரும் கத்தித் தொழில் செய்யலாம் என அனுமதித்தது. அதனை அடுத்து வந்த 1819ஆம் ஆண்டுச் சட்டம் கைவினை நோக்கில் தனிச்சிறப்புடையது. சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்ட பொருள்களில் மட்டுமே சுத்தியல் உருவத்தைப் பொறிக்கலாம் என அது வகுத்தது. வார்ப்பில் ஊற்றிய மலிவுப் பொருள்களில் அவ்வுருவத்தை இடுதல் குற்றமாயிற்று. யார் செய்தார் என்பதை மட்டுமன்றி எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் குறி பொய்யாது உரைக்கவேண்டும் என்னும் கருத்து இங்குச் சட்ட வடிவம் பெற்றதைக் காணலாம்.

நீதிமன்றங்களும் இத்திசையில் நகர்ந்தன. ‘மில்லிங்டன் எதிர் ஃபாக்ஸ்’ என்னும் 1838ஆம் ஆண்டு வழக்கில், ஓர் எஃகு உற்பத்தியாளரின் குறியை வேறொருவர் ஏமாற்றும் எண்ணமின்றிப் பயன்படுத்தியிருந்தாலும் அதனைத் தடைசெய்யலாம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. எண்ணம் தூயதாயினும் குறி பிறருடையது என்பதே இதன் சாரம். 1862ஆம் ஆண்டின் சரக்குக்குறிச் சட்டமும் 1875ஆம் ஆண்டின் வணிகக்குறிப் பதிவுச் சட்டமும் இவ்வுரிமையை வலுப்படுத்தின. 1883ஆம் ஆண்டுச் சட்டம் ஷெஃபீல்டுப் பகுதி உலோகப் பொருள்களின் குறிகளைப் பதியும் பொறுப்பைக் கத்தி வினைஞர் கழகத்திடமே விட்டது.

சோலிங்கன் கத்திகள் சிலவற்றில் ஷெஃபீல்டுப் பெயர் பொறிக்கப்படுவதாக எழுந்த முறையீடுகள், 1887ஆம் ஆண்டின் சரக்குக்குறிச் சட்டத்திற்குத் தூண்டுதல்களுள் ஒன்றாக அமைந்தன. அதன் விளைவாக அயல்நாட்டுப் பொருள்கள் ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்பது போன்ற தொடர்களைத் தாங்கி வரத் தொடங்கின. இழிவைச் சுட்டும் என எண்ணி இடச்செய்த அத்தொடர், சில பத்தாண்டுகளில் தரத்தின் அடையாளமாயிற்று. சொல் மாறவில்லை, சொல்லுக்குப் பின்னிருந்த பொருளின் தரமே சொல்லின் மதிப்பை மாற்றியது. சோலிங்கன் என்னும் ஊர்ப்பெயர் 1938ஆம் ஆண்டு முதல் தனிச்சட்டத்தால் காக்கப்படுகிறது. அப்பகுதியில் முதன்மையான செய்பணிகள் நிகழ்ந்த, தரமுடைய பொருள்களுக்கே அப்பெயர் உரியது.

4. குறியைத் தேர்தல்: வடிவம்

மேற்கண்ட வரலாறு இன்று கையால் கத்தி செய்வோருக்கும் வழிகாட்டுவதாகும். முதலில் எழும் வினா, பெயரா உருவமா என்பது. பெயர் பொறுப்பை நேரடியாக உணர்த்தும். ஆனால் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். உருவம் மொழி கடந்து அறியப்படும். ஆனால் அது யாருடையது என்பதைப் பதிவேடு இன்றி அறிய இயலாது. ராட்ஜர்ஸ் நிறுவனம் தன் பெயரையும் விண்மீன் சிலுவைக் குறியையும் இணைத்தே பொறித்தது, இவ்விரு குறைகளுக்கும் மருந்தாக அமைந்தது.

அடுத்தது அளவு. மடக்குக் கத்தியின் அலகில் குறிக்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீட்டரே. தாளில் பெரிதாக வரையும்போது அழகாகத் தோன்றும் உருவம் அவ்விடத்தில் கறையாகிவிடும். எனவே, ஒரு குறியை உறுதி செய்யுமுன் அதனை உண்மை அளவில் சிறிதாக்கி, கை நீளத் தொலைவில் வைத்துப் பார்த்தல் நல்ல சோதனையாகும். கோடுகள் குறைவாகவும் தடிப்பாகவும் இருத்தல் நன்று. மூடிய சுழிகளுக்குள் எஞ்சும் உலோகம் முத்திரை உளியில் எளிதில் உடையும். இடவலம் ஒத்த உருவமானால், உளியில் கண்ணாடி உருவமாக வெட்டும்போது பிழை நேராது.

தமிழ் எழுத்தைக் குறியாகக் கொள்ள விரும்புவோருக்கும் இது பொருந்தும். ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் உளிக்கு இசைவானவை. ப இடவலம் ஒத்ததும் ஆகும். ஞ, ழ, ஐ போன்ற வளைவும் சுழியும் மிக்க எழுத்துகள் சிற்றளவில் தெளிவிழக்கும். அவற்றைக் கொள்ள விரும்புவோர், வடிவத்தை எளிதாக்கியோ வேறு முறையில் பொறித்தோ பயன்படுத்தலாம்.

மூன்றாவது, தனித்தன்மை. ‘கூர்மை’, ‘உறுதி’ போன்ற பண்புச் சொற்கள் எல்லாக் கத்திகளுக்கும் பொதுவானவை. அவற்றை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ள வணிகக்குறிச் சட்டங்கள் பொதுவாக இடந்தருவதில்லை. ஊர்ப்பெயர் அவ்வூரார் அனைவருக்கும் உரியது. வணிகக்குறிகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில் கைக்கருவிகளும் கத்திகளும் 8ஆம் வகுப்பில் அடங்கும். அவ்வகுப்பின் பதிவுகளைத் தேடி, பிறர் குறியை ஒத்தில்லாமையை உறுதி செய்தல் முதற்கடமையாகும். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். தொடர்ந்து புதுப்பிக்கவும் இயலும். பதிவு செய்யினும் செய்யாவிடினும், ஒருமுறை தேர்ந்த குறியை அடிக்கடி மாற்றுதல் தவறு. குறியின் வலிமை அதன் தொடர்ச்சியில்தான் சேர்கிறது.

5. பொறிக்கும் முறையும் அதன் விளைவும்

குறியை அலகில் இடுவதற்கு இரு முறைகள் பெரும்பான்மையாக வழங்குகின்றன. கடினப்படுத்திய எஃகில் எதிருருவாக வெட்டப்பட்ட முத்திரை உளியை அலகின்மீது வைத்துச் சம்மட்டியால் அடித்தல் ஒன்று. உப்புக்கரைசலும் குறைந்த மின்னழுத்தமும் கொண்டு, துளைவார்ப்பின் வழியாக எஃகை அரித்துக் குறி தோன்றச் செய்தல் மற்றொன்று.

உளியால் அடித்த குறி ஆழமானது. பல ஆண்டுகள் சாணை பிடித்த பின்னரும் நிலைத்து நிற்கும். எனினும் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அலகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்திய பின்னர் உளி அதில் பதியாது. அலகு வெடிக்கவும் கூடும். ஆகவே தோய்ச்சலுக்கு முன்னரே முத்திரை இடவேண்டும். ஆழம் மிகுந்து மூலைகள் கூராக அமைந்தால், தோய்க்கும்போது அம்மூலையிலிருந்தே விரிசல் தொடங்கலாம். இதனால் குறியை வாய்க்கு அருகில் இடாமல், பிடியை ஒட்டிய தடித்த பகுதியில் இடுவது வழக்கமாயிற்று.

மின்னரிப்பால் இடும் குறி தோய்ச்சலுக்கும் மெருகிற்கும் பின்னர் இடத்தக்கது. நுண்ணிய கோடுகளையும் காட்டவல்லது. அலகிற்கு நலிவு விளைவிப்பதும் மிகக் குறைவு. ஆனால் ஆழம் குறைந்தால் தொடர்ந்து துலக்கும்போது தேய்ந்து மறையும்.

இவ்வேறுபாடு வெறும் தொழில்நுட்ப வேறுபாடு அன்று. உளியைப் பயன்படுத்தும் வினைஞர், கத்தி நன்றாக அமையுமா என்று அறியுமுன்னரே தம் குறியை அதில் இட்டுவிடுகிறார். பின்னர் அவ்வலகு கோணலாயினும், விரிசல் விட்டாலும், வாய் நில்லாது போயினும் அவர் குறி அதில் இருக்கும். அத்தகைய அலகை முறித்துப் போடும் மனத்துணிவு இல்லாதவருக்கு முத்திரை உளி இடர் தரும் கருவியாகும். மின்னரிப்பைப் பயன்படுத்துபவரோ சோதனை முடிந்த பின்னர்க் குறியிட வாய்ப்புடையவர். அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் எல்லா அலகிலும் வழக்கமாகக் குறியிட்டால் அம்முறையின் நன்மை வீணாகும். எந்த முறையாயினும், தேறாத அலகு பட்டறையை விட்டுக் குறியோடு வெளியேறலாகாது என்பதே நெறி.

6. குறியும் சோதனையும்

பழைய கழகங்கள் பயிற்சியையும் பதிவையும் குறியோடு பிணைத்தது போலவே, இக்காலத்திலும் சில அமைப்புகள் சோதனையைக் குறியோடு பிணைத்துள்ளன. 1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அலகுக்கொல்லர் சங்கம் இதற்கு எடுத்துக்காட்டு. அதில் தேர்வு பெற விரும்புபவர் தாம் செய்த அலகால், தொங்கும் ஓரங்குல வடக்கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும். மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்கவேண்டும். அதன்பின்னும் அதே வாய் கைமயிரை மழிக்கும் கூர்மையோடு இருக்கவேண்டும். இறுதியில் அவ்வலகைப் பிடிசட்டத்தில் வைத்து 90 பாகை வளைக்கும்போது அது முறியாதிருக்கவேண்டும். முடித்த கத்திகளும் நடுவர்களால் ஆராயப்படும். தேறியோர் தம் குறியோடு படிநிலையைக் காட்டும் ‘ஜே.எஸ்.’ அல்லது ‘எம்.எஸ்.’ என்னும் எழுத்துகளைப் பொறிக்கும் உரிமை பெறுவர்.

சோதனைக்குட்பட்ட அலகு வளைந்து பயனற்றுப் போகிறது. ஆனால் அதன்வழிப் பெற்ற எழுத்துகள் பின்னர்ச் செய்யப்படும் ஒவ்வொரு கத்தியிலும் நின்று அச்சோதனையை நினைவூட்டுகின்றன. 1624ஆம் ஆண்டுச் சட்டத்தில் எஃகு வாயையும் பதிவுக்குறியையும் இணைத்த அதே சிந்தனை இங்கும் தொடர்வதை உணரலாம்.

முடிவுரை

வினைஞர் குறி, வாங்குவோர் காணமுடியாத தரத்திற்குச் செய்வோர் அளிக்கும் பிணையாகத் தோன்றியது. ஷெஃபீல்டில் அது பயிற்சியாலும் பதிவாலும் உறுதிபெற்றது. புகழ் வளர்ந்தபோது குறி கைமாறும் சொத்தாகி, செய்தவரின் கையை மறைக்கும் திரையாகவும் ஆயிற்று. சட்டங்கள் போலியைத் தடுத்தன. எனினும் குறிக்கும் கைக்கும் அறுந்த பிணைப்பை மீட்டுத்தரும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. கையால் கத்தி செய்பவர் தாமே அடித்து, தாமே சாணை பிடித்து, தாமே பிடி பொருத்துவதால், அப்பிணைப்பை மீண்டும் நிறுவும் வாய்ப்பு அவருக்கே உள்ளது.

ஆதலின் குறித்தேர்வில் எளிய வடிவம், சிற்றளவிலும் தெளிவு, பிறர் குறியோடு ஒவ்வாமை, மாறாத தொடர்ச்சி ஆகியன வேண்டப்படுவனவாம். இவை யாவும் அமைந்தபின்னும் ஒரு வினா எஞ்சும்: இருபது ஆண்டுகள் கழித்து முறிந்த அலகொன்றை ஏந்தி ஒருவர் பட்டறை வாயிலில் நின்றால், ‘இது என் கத்தி’ என்று தயங்காது ஏற்க வினைஞர் அணியமாக இருக்கிறாரா என்பதே அது. அதற்கு ஆம் எனும் விடை உடையவரின் குறி, ஒரு புள்ளியும் ஒரு கோடுமே ஆயினும் போதுமானதாகும்.